கிரைண்டரா, மிக்ஸியா, கடை மாவா? கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்வது

முன்பின் தெரியாதவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. நாத்தனார் கேட்டால் யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். வாங்கிய பொருள் சரியில்லை என்றால் அடுத்த தீபாவளி வரைக்கும் "நீ சொல்லித்தானே வாங்கினோம்" என்ற பேச்சு ஓடும். ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரோ, கடையில் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பவரோ கேட்டால் அந்தப் பயம் இல்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு அவரவர் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடலாம்.

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடையில் சில வருடம் வேலை பார்த்தவள் நான். வேலையை விட்டபிறகும் கேள்விகள் விடவில்லை. இப்போதும் ஏதாவது ஷோரூமுக்குள் போனால், என் நிற்கிற தோரணையைப் பார்த்தோ என்னவோ, யாராவது வந்து "அக்கா, இதுல எது நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கெய்சர் எல்லாம் கேட்பார்கள். ஆனால் அதிகம் வருவது மாவு விஷயம்தான். கிரைண்டர் வாங்கலாமா, மிக்ஸியிலேயே சமாளிக்கலாமா, பேசாமல் கடை மாவே வாங்கிக்கொள்ளலாமா?

இது தேர்தல் வரைக்கும் போன கேள்வி. 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுக, மிக்ஸி அல்லது கிரைண்டர் இலவசம் என்றது. அதிமுக, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றுமே தருவதாகச் சொன்னது. ஜெயித்து வந்த ஜெயலலிதா அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்லாமே சும்மா வந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. சொந்தக் காசு போட்டு வாங்கும்போதுதான் மண்டை காய்கிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் விலையில் ஆரம்பிப்பார்கள். "ஆயிரம் ரூபாய் சேர்த்துப் போட்டா பெரிய மாடல் வருதாம்" என்பார்கள். நான் விலைக்குப் போவதே இல்லை. திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். வாரத்தில் எத்தனை வேளை இட்லி, தோசை? அரைத்து முடித்தபின் அதைக் கழுவப் போவது யார்?

இரண்டாவது கேள்விக்குத்தான் பலர் முழிப்பார்கள். தம்பதியாக வந்திருந்தால் இன்னும் வேடிக்கை. கணவர் மாடலின் வாட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். மனைவி டிரம்மைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழே வைப்பார். பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. தூக்கிப் பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கழுவுவதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்றால், கிரைண்டர் பரணுக்குப் போவதற்குக் காரணமே அதுதான். அரைப்பது மெஷின். அப்புறம் நடப்பதெல்லாம் கை வேலை. மாவை வழித்து எடுக்க வேண்டும். பூட்டைத் திருகிக் கழற்றிக் கற்களை வெளியே எடுக்க வேண்டும். மாவு ஒட்டிய கல் வழுக்கும், ஒரு கையால் தூக்கினால் காலில்தான் விழும். கல் சுழலும் அச்சு இருக்கிறதே, அதைச் சுற்றி உளுந்து பசைபோல் அப்பிக்கொண்டிருக்கும். அதற்குச் சின்ன பிரஷ் வேண்டும். டிரம் நடுவில் இருக்கும் தண்டின் அடியில் தண்ணீர் தேங்கும். சரியாகக் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால் மறுநாள் ஒரு புளித்த வாடை அடிக்கும், அடுத்த தடவை அரைக்கும் மாவிலும் அது ஏறும். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் "மாவு வாங்கிட்டு வந்துடுங்க" என்று வாட்ஸ்அப் வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிரச்சினை இல்லை. பழகியவர்கள் பாதி வேலையைக் குறைத்துவிடுவார்கள். மாவை எடுத்த கையோடு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிடுவார்கள். கல்லில் ஒட்டியது பாதி கரைந்து வரும், அந்தத் தண்ணீர் தோசை மாவுக்குப் போய்விடும். மாவு காய்ந்தபிறகு கழுவுவதற்கும் ஈரமாக இருக்கும்போதே கழுவுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 85 ரூபாய். தண்ணீர் சேர்த்து அரைத்தால் ஏறக்குறைய 3 கிலோ மாவு வரும். கிலோவுக்கு 28 ரூபாய் ஆகிறது. தெருமுனைக் கடையில் கிலோ 50 என்றால், வீட்டில் அரைப்பதில் கிலோவுக்கு 22 ரூபாய் மிச்சம். வாரம் 3 கிலோ மாவு செலவாகும் வீட்டில் வாரத்துக்கு 66 ரூபாய். 5,000 ரூபாய் கிரைண்டர் ஒன்றரை வருடத்தில் தன் காசை எடுத்துவிடும். வாரம் ஒரு கிலோதான் செலவு என்றால் அதே கிரைண்டருக்கு நாலு வருடத்துக்கு மேல் ஆகும். கிலோ மாவில் இருபது, இருபத்தைந்து இட்லி வரும் என்பதால், இரண்டு பேர் வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ என்பது சாதாரண கணக்குதான்.

இந்தக் கணக்கில் உழைப்புக்கு நான் காசு போடவில்லை. போட்டால் வாரம் 3 கிலோ வீட்டிலும் கிரைண்டர் தோற்றுவிடும். நம் ஊரில் யாரும் போடுவதில்லை, அதனால்தான் "வீட்ல அரைச்சா எவ்வளவு மிச்சம் தெரியுமா" என்ற பேச்சு இன்னும் நிற்கிறது.

"கிரைண்டர் கரண்ட் இழுக்குமே?" என்பது அடுத்த கேள்வி. இழுக்காது. டேபிள் டாப் கிரைண்டர் மோட்டார் 150 வாட் அளவில்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் ஓடினால் 0.11 யூனிட். 750 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 0.125 யூனிட். இரண்டும் ஒன்றுதான். போதாததற்குத் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். கரண்ட் பில்லை நினைத்து இந்த முடிவை எடுக்கவே வேண்டாம். சத்தத்தை நினைத்து வேண்டுமானால் எடுங்கள். கிரைண்டர் முக்கால் மணி நேரம் கடகடவென்று ஓடும், மிக்ஸி பத்தே நிமிடம் அலறும். கைக்குழந்தை தூங்கும் வீட்டில் எது மேல் என்று அந்த வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும்.

ருசி விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. இட்லிக்கு கிரைண்டர் மாவுதான். உளுந்தைக் கல் மெதுவாக நசுக்கி நசுக்கி, கூடவே காற்றையும் உள்ளே மடித்துக்கொண்டு போகிறது. டிரம் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவைதான் சுற்றும். அதனால் மாவு சூடேறாது, பொங்கிப் பஞ்சாக வரும். மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டுகிறது. ஜாரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும். சூடேறிய உளுந்து பொங்காது, இட்லி தட்டையாக, கொஞ்சம் கட்டியாக வரும். தோசைக்கு இந்த வித்தியாசம் பாதிகூடத் தெரியாது. அதனால் "எங்க வீட்ல தோசைதான் அதிகம், இட்லி எப்போவாவது" என்று சொல்பவர்களிடம், இருக்கிற மிக்ஸியே போதும், காசைப் பையில் வையுங்கள் என்பேன்.

மிக்ஸியிலும் இட்லிக்கு அரைக்கலாம், ஆனால் கிரைண்டருக்குப் போடும் அளவையே போட்டு அரைத்துவிட்டு மிக்ஸியைக் குறை சொல்லக்கூடாது. அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்பது கிரைண்டர் கணக்கு. மிக்ஸிக்கு மூன்றுக்கு ஒன்று போடுங்கள். உளுந்தைத் தனியாக, ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். அதில் கடைசி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அரைக்கும்போது ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை. கையை விட்டு நாலு நிமிடம் நன்றாக அடித்துக் கலக்குங்கள். அரிசியோடு ஒரு கைப்பிடி ஊறவைத்த அவலோ பழைய சோறோ சேர்த்து அரைத்தால் மிருதுவாக வரும். இவ்வளவும் செய்தால் மிக்ஸி இட்லி என்று சொன்னால்தான் விருந்தாளிக்குத் தெரியும். கொஞ்சம் நாக்கு நீண்ட விருந்தாளி சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார், அது வேறு விஷயம்.

மிக்ஸியைப் பற்றி இன்னொன்று, யாரும் கேட்காமலே நான் சொல்வது: மாவு அரைக்கும்போது திடீரென்று மிக்ஸி நின்றுபோனால் அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், அநேகமாகச் சிவப்பில். லோடு அதிகமானால் மோட்டார் எரியாமல் இருக்க அதுவே அணைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும். கடையில் இருந்தபோது இதற்காகவே ஆட்டோ பிடித்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

கடை மாவுக்கு வருகிறேன். கடை மாவு வாங்குவதைத் தப்புச் செய்கிறமாதிரிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "வேலைக்குப் போறேன், அதனால பாக்கெட் மாவுதான்" என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது, அதுவும் பெண்களுக்கு. ஏன் இறங்க வேண்டும்? இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் கிரைண்டர் வாங்காதீர்கள் என்பதுதான் என் நேரடியான பதில். வாரம் ஒரு கிலோ மாவு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குங்கள். கேலி செய்யும் மாமியார் யாராவது வந்து அரைத்துக் கொடுத்துக் கழுவியும் வைத்தால் அப்போது பார்க்கலாம்.

கடை மாவில் இரண்டு ஜாதி உண்டு. தெருவில் அரைத்து, அண்டாவிலிருந்து கரண்டியால் அள்ளிக் கட்டிக் கொடுக்கும் மாவு ஒன்று. ஆலையில் அரைத்து, சீல் வைத்த பாக்கெட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு இன்னொன்று. எது நல்லது என்றால், அண்டா மாவு நல்ல கடையாக அமைந்தால் அதுதான். விலையும் குறைவு, அன்றைக்கு அரைத்ததும்கூட. ஆனால் நல்ல கடையா என்று பார்க்கத் தெரிய வேண்டும். கிரைண்டர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வைத்து அரைக்கும் கடையைப் பாருங்கள். எங்கேயோ அரைத்துக் கொண்டுவந்து இறக்குகிற கடை என்றால் தண்ணீர் எங்கே பிடித்தார்கள், எப்போது அரைத்தார்கள் என்று ஒன்றும் தெரியாது. அண்டாவை மூடி வைத்திருக்கிறார்களா, கரண்டி மாவுக்குள்ளேயே கிடக்கிறதா, இதையெல்லாம் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். "எப்போ அரைச்சதுண்ணே?" என்று கேளுங்கள். "காலையில" என்று டக்கென்று பதில் வரும் கடைக்கும், மேலே பார்த்துவிட்டுச் சொல்லும் கடைக்கும் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு விஷயம், பல கடைகளில் இட்லிக்கும் தோசைக்கும் ஒரே மாவுதான். உளுந்து விலை அதிகம் என்பதால் கை கொஞ்சம் சுருங்கும், மாவும் நீர்த்திருக்கும். தோசைக்குப் பரவாயில்லை, இட்லி ஊற்றினால் தட்டோடு தட்டாகப் படுத்துக்கொள்ளும். இட்லிக்குத்தான் என்று கேட்டு வாங்குங்கள்; கெட்டி மாவு தனியாக வைத்திருக்கும் கடைகள் உண்டு. மதியம் வெயிலில் கிடந்த மாவை ராத்திரி வாங்கினால் புளிப்பு தூக்கலாக இருக்கும். அப்படி வந்துவிட்டால் வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ செய்துவிடுங்கள். கொஞ்சம் ரவை கலந்தாலும் புளிப்பு மட்டுப்படும்.

பாக்கெட் மாவுக்குப் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், ஃப்ரிட்ஜுக்குள் இருந்ததா என்பது. கல்லா மேசையில் அடுக்கி வைத்திருக்கும் பாக்கெட்டைத் தொடாதீர்கள், தேதி நாளைக்கு வரை இருந்தாலும். பலூன் மாதிரி உப்பியிருக்கும் பாக்கெட் உள்ளே நன்றாகப் புளித்துவிட்டது என்று அர்த்தம். தோசைக்கு வாங்கலாம், இட்லிக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டோடு கதவு ஓரத்தில் சொருகாமல் பெரிய பாத்திரத்தில் மாற்றி, பொங்க இடம் விட்டு வையுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுங்கள். வெளியே எடுத்து மிச்சமானதைத் திரும்ப அதிலேயே ஊற்றினால் மொத்தமும் சீக்கிரம் புளிக்கும்.

இனி, திரும்பத் திரும்ப வரும் சில தனிக் கேள்விகள்.

கல்யாணமாகப் போகிற பெண்கள் கேட்பது: "அம்மா சீர்ல கிரைண்டர் வைக்கிறேங்கிறாங்க, வேண்டாம்னு சொல்லவா அக்கா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும், அதனால் "வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், அந்தக் காசுக்கு நல்ல மிக்ஸி, மூன்று ஜாரோடு கேளுங்கள். போய் இறங்கப் போகும் வீடு எப்படி, எத்தனை பேர், அங்கே ஏற்கெனவே கிரைண்டர் இருக்கிறதா என்று தெரியாமல் பத்துப் பன்னிரண்டு கிலோ சாமானை வாங்கி அனுப்புவதில் அர்த்தமில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். குழந்தை பிறந்து, பெரியவர்கள் வந்து தங்க ஆரம்பித்து, வீடு நிறைந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம். கிரைண்டர் எங்கேயும் போய்விடாது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு வேறு பதில். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட்டுக்குச் செய்த கிரைண்டரை அங்கே சொருகினால் வேலைக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அது கிரைண்டரைவிடப் பெரிய தலைவலி. வெளிநாட்டுக்கென்றே 110 வோல்ட் மாடல் வருகிறது, கோவைக் கம்பெனிகள் செய்கின்றன, அங்கேயே இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றால் அதில் பாதியைக் கிரைண்டர் தின்றுவிடும். அந்த இடத்தில் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் போகட்டும். குளிரில் மாவு புளிக்கவில்லை என்று அங்கிருந்து புலம்புபவர்களுக்கு: ஓவனைச் சூடாக்க வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். அந்தச் சூடு போதும். ஓவனை யாரும் காலையில் மறந்துபோய் ஆன் செய்யாதபடி கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போகிறவர்களுக்கு வோல்டேஜ் தொல்லை இல்லை, பிளக் மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்பது: "ஊர்ல அம்மா தனியா இருக்காங்க. பழைய கிரைண்டரைத் தூக்க முடியல. டில்டிங் வாங்கித் தரலாமா?" டில்டிங்கில் டிரம்மைச் சாய்த்து மாவை ஊற்றலாம், தூக்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் மெஷினே கனம், ஒரே இடத்தில்தான் நிற்கும், கல்லைக் கழற்றுவது அதிலும் உண்டு. முதுகுவலி இருக்கும் ஒருவர், தனியாக, தனக்கு மட்டும் நாலு இட்லிக்காக அதை ஏன் ஓட்ட வேண்டும்? ஒன்றேகால் லிட்டர் அளவில் சின்ன டேபிள் டாப் வருகிறது, அதைப் பாருங்கள். அதைவிட நல்லது, பக்கத்தில் நல்ல மாவுக்கடை இருக்கிறதா என்று அம்மாவிடமே கேளுங்கள். பல அம்மாக்கள் ஏற்கெனவே கடை மாவுதான் வாங்கிக்கொண்டிருப்பார்கள், பிள்ளையிடம் சொல்லாமல்.

"மாவு அரைச்சு விக்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு வீட்டுக் கிரைண்டர் பற்றிய இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. டேபிள் டாப்பை நாள் முழுக்க ஓட்டினால் மோட்டார் போய்விடும். பெரிய டில்டிங், அதுவும் கமர்ஷியல் மாடல் வேண்டும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். முதலில் ஒரு மாதம் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள், பிறகு மெஷின் வாங்கலாம்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், கடையில் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஷோரூமில் உங்களிடம் வந்து பேசுகிறவர் கடை ஆளாக இல்லாமல் ஒரு கம்பெனி அனுப்பி வைத்த ஆளாக இருக்கலாம். சட்டையைப் பார்த்தால் தெரியாது. "நீங்க எந்த கம்பெனி சார்பா நிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். சொல்லிவிடுவார்கள், அப்புறம் பேச்சும் ஒழுங்காக இருக்கும். தேங்காய் துருவி, மாவு பிசையும் கை என்று கூடவே கொடுப்பதற்காக விலை ஏறியிருந்தால் யோசியுங்கள். ராத்திரி தினம் சப்பாத்தி போடும் வீட்டில் பிசைகிற கை உழைக்கும். தேங்காய் துருவியை ஒரு தேங்காய்க்காகப் பூட்டிக் கழற்றிக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது, அது டப்பாவிலேயே இருக்கும். டைமர் இருந்தால் நல்லது. போனில் பேசிக்கொண்டு மறந்துபோகிற ஆட்கள்தான் நாம் எல்லோரும்.

2 லிட்டர் கிரைண்டர் என்றால் டிரம்மின் கொள்ளளவு அது. அவ்வளவு அரிசி போடலாம் என்று அர்த்தமில்லை. மறுபக்கம், பெரிய டிரம்மில் ஒரு கைப்பிடி உளுந்தைப் போட்டால் கல்லுக்குப் பிடிபடாமல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றும். மூன்று பேருக்குக் குறைவான வீட்டில் பெரியது வாங்கி ஏமாறுவது இப்படித்தான். பிராண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்த ஊரில் சின்னதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பேர் செய்கிறார்கள். உங்கள் ஊரில் எதற்கு பெல்ட் கிடைக்கிறது, எதை ரிப்பேர் செய்யும் ஆள் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு அதை வாங்குங்கள். டிரம்மைத் தூக்கிப் பாருங்கள், கழுவப் போகிறவர் கையால். கல்லைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடையில் சங்கடப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது, வீட்டுக்கு வந்தபிறகு செய்து பிரயோஜனம் இல்லை.

கடைசியாக, "ஏற்கெனவே ஒண்ணு பரண்ல கிடக்கு, என்ன பண்ண?" என்பவர்கள். நாலு வருடமாக இறக்கவில்லை என்றால் இனியும் இறக்க மாட்டீர்கள். பெரிய குடும்பமாக இருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் போடுங்கள். இல்லை, இப்போது வீட்டில் ஆள் கூடிவிட்டது, திரும்ப ஓட்டத்தான் போகிறேன் என்றால், இறக்கியதும் நேராக உளுந்தைக் கொட்டாதீர்கள். அடியைத் திறந்து பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சும்மா கிடந்த ரப்பர் காய்ந்து போயிருக்கும், ஓட்டியதும் அறுந்துவிடும். கல்லையும் டிரம்மையும் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு கைப்பிடி ஊறவைத்த அரிசியைக் கல்லுப்போடு போட்டு அரைத்து அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் வெளுப்பாக, மண் இல்லாமல் வரும்வரை இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டும். புதுக் கிரைண்டருக்கும் இதே முறைதான், கல் தூசி போவதற்கு. அதற்கப்புறம் அரைப்பது சாப்பிட.